கூவத்தில் இறங்கிய படகுகளும் தூண்களும்

1880 வாக்கில் நெல்லூர்ப் பக்கம் அரிசி ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்குப் புறப்பட்ட படகு, மதராஸ் பட்டணத்தின் நட்டநடுவே வந்ததும் கால்வாயை விட்டு ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வந்து கூவத்தில் விழுந்துவிடும். அடையாறுக்குப் போகும் தெற்குக் கால்வாயின் தலைப்பு சேப்பாக்கத்தில். இரண்டுக்கும் நடுவே தீவுத்திடலைச் சுற்றிக் கிடந்த தண்ணீர் கூவத்தினுடையது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஆறேதான் கால்வாய்.

அதே வழியில் இன்று போக வேண்டுமானால் பறக்கும் ரயிலில் ஏற வேண்டும். பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை என்று நிலையங்கள் வரிசையாக வரும். முதலில் கூவத்தை ஒட்டி, பிறகு கால்வாயின் மேலேயே போகிறது அந்தப் பாதை. பழைய படகுப் பாதைக்கும் இந்த ரயில் பாதைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உயரம் மட்டும்தான். சென்னை தன் ஆற்றையும் கால்வாயையும் மறந்துவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகருக்குக் குறுக்கே ஆள் இல்லாத பாதை ஒன்று வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் சரியாக இந்த இரண்டிடமும்தான் வந்து நின்றிருக்கிறார்கள். பாதையை யாரும் மறக்கவில்லை. தண்ணீர்தான் வேண்டாததாகிவிட்டது.

பக்கிங்காம் கால்வாய்க்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆந்திராவில் பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடும் இந்தக் கால்வாயை முழுக்க மனிதர்கள் வெட்டியதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இயற்கை ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. சோழமண்டலக் கரையில் கடலுக்கு இணையாக வரிசையாகக் காயல்களும் கழிமுகங்களும் கிடக்கின்றன: பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கூவம் முகத்துவாரம், அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு, பாலாற்று முகம். இவற்றுக்கு நடுவே நின்ற மேட்டு நிலத்தை வெட்டி ஒன்றோடொன்று சேர்த்ததுதான் மனிதர்கள் செய்த வேலை. தண்ணீரை ஆறுகளும் ஓதமும் கொடுத்தன. கடல் ஏறும்போது முகத்துவாரங்கள் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் பெரிது அல்ல, மிஞ்சினால் ஒரு மீட்டர் சொச்சம். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் கால்வாய் இருந்தது. கூவத்தின் வாய் அடைபட்டால் மதராஸ் பகுதியில் கால்வாயும் தேங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் விளங்கும்.

கால்வாய் வருவதற்கு முன்பு கூவம் எப்படி இருந்தது? அது ஒருபோதும் பெரிய ஆறு அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில், சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் இருக்கிற கூவம் என்ற ஊரின் பெயரைத் தாங்கி, கொசஸ்தலையிலிருந்து கேசவரத்தில் பிரிந்து வரும் தண்ணீரையும் வழியிலுள்ள ஏரிகளின் கலங்கல் நீரையும் வாங்கிக்கொண்டு, சுமார் 70 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேரும் மழைக்கால ஆறு. மாரி பொய்த்தால் மணல்தான். ஆனாலும் கடலுக்கு அருகே ஓதத் தண்ணீர் எப்போதும் நின்றது. 1730களில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கம்பெனித் துணிக்கு நெசவாளர்களைக் குடியேற்ற இடம் தேடியபோது, கூவம் வளைந்து திரும்பும் மடியில் சுங்குராமன் தோட்டமாக இருந்த நிலம் தேர்வானது. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. கோமளீஸ்வரன்பேட்டையில் வீடு வைத்திருந்த பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். கல்லூரி மேடைகளில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் இறந்தது 1794-ல்.

கால்வாயை முதலில் வெட்டியது அரசு அல்ல, ஒரு வியாபாரி. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படைக்குச் சாமான் சப்ளை செய்து பணம் பார்த்தவர். 1801-ல் அனுமதி வாங்கி, மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார். 1806-ல் வேலை முடிந்தது. வந்துபோகும் படகுகளிடம் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு. இன்றைய டோல்கேட்டுக்கு அவரைத்தான் மூத்தவர் என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கிளைக்கதை: அந்தக் காக்ரேன் பிறகு லண்டனுக்குப் போய் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே அவரிடம் வேலை பார்த்த பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது பிற்பாடு பிரைட்டனில் சொந்தமாகக் குளியல் நிலையம் வைத்து அரச குடும்பத்துக்கே உடம்பு பிடித்துவிட்டுப் புகழ்பெற்றார். மதராஸ் விறகுப் படகுகளின் சுங்கக் காசு லண்டனில் ஆவியாகப் போயிருக்கலாம்.

விறகு என்று சொன்னேன். அதுதான் கால்வாயின் முதல் சரக்கு. பட்டணம் முழுக்க அடுப்பெரிய வேண்டும், பட்டணத்தைச் சுற்றிலும் காடு இல்லை. வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து விறகு வந்தது. இன்று ராக்கெட் கிளம்பும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான். 1960களின் கடைசியில் விண்வெளித் துறை அந்தத் தீவை எடுத்துக்கொள்ளும் வரை, மதராஸ்காரர்களுக்கு அந்தப் பெயர் விறகுக் கடையோடு சேர்ந்த பெயர். விறகுக்கு அடுத்தபடி உப்பு. எண்ணூருக்கு வடக்கே உள்ள அளங்களிலிருந்து வந்த உப்பை இறக்கி வைத்த இடம்தான் சால்ட் கோட்டர்ஸ். பின்னால் ரயில்வேயின் சரக்கு நிலையமானது. படகுகள் நிற்க வெட்டிய குளம் இருந்த இடத்தில் பேசின் பிரிட்ஜ். இவற்றையெல்லாம் ரயில் பெயர்களாகவே நமக்குத் தெரியும். ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

1837-ல் அரசாங்கம் கால்வாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வடக்கே நீட்டிக்கொண்டே போனது. தெற்கே அடையாறிலிருந்து மரக்காணம் நோக்கியும் வேலை நடந்தது. ஆனால் நகரத்துக்குள் ஒரு துண்டு விட்டுப்போயிற்று. கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாக வெட்ட வேண்டிய துண்டு. அதை வெட்டுவதற்கு ஒரு பஞ்சம் வர வேண்டியிருந்தது.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1876-லும் 1877-லும் மழை பொய்த்தது. அன்றைய மதராஸ் மாகாணத்தின் உள்மாவட்டங்கள் காலியாகி, மக்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். வெளியிலிருந்து வந்த தானியம் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. அதை வாங்கப் பணம் இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. நிவாரணம் வேண்டுமென்றால் வேலை செய்ய வேண்டும் என்பது அரசின் விதி. மண் வெட்டு, கல் உடை, கூலி வாங்கு. அந்தக் கூலியும் எவ்வளவு? 1877 ஜனவரியில் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்துவிட்டுப் போனார். மண் வெட்டுகிறவனுக்கு இது காணாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். மதராஸ் அரசு பிற்பாடு அளவைக் கூட்டியது. அதற்குள் முகாம்களில் பிணங்கள் விழுந்துவிட்டன. நாடு முழுவதுமாக 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பஞ்சத்தில் மாண்டதாகக் கணக்கு.

அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலைகளில் ஒன்றாகத்தான் கூவம் – அடையாறு இணைப்பு 1877–78-ல் வெட்டி முடிக்கப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய் முழுவதற்கும் வைத்தார்கள். பிரபுவைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் அரசின் கஞ்சத்தனத்துக்கு அவருடைய அரசு முழுசாகப் பணிந்துவிடவில்லை. அப்படியிருந்தும், இன்று முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையத்தில் இறங்கி நடக்கிற நமக்குக் காலுக்கடியில் இருப்பது எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கூடை கூடையாக அள்ளிப் போட்ட மண் என்பதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட அந்த 8 கிலோமீட்டரில் என் கண்ணில் பட்டதில்லை.

இதே ஆண்டுகளில் சில மைல் தள்ளி இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். திறந்த கடற்கரையில் மசூலா படகில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கிய பட்டணத்துக்கு, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி ஒரு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் பாதியை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள்.

சென்னைக் கரையில் கடல் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலை சாய்வாக வந்து அடித்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் கை குறுக்கே வந்ததும் மணல் அதற்குத் தெற்கே நின்றுவிட்டது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கடல் கரையைத் தின்றது. தெற்கே மணல் ஏறிக்கொண்டே போய் அகன்ற கடற்கரை உண்டானது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாவுமிடம் அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். நாம் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினா இப்படிப் பிறந்தது. கூவத்தின் முகத்துவாரம் துறைமுகத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. மெரினாவை அகலமாக்கிய அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. ஆற்றில் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் மணல்திட்டு உடையும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். கூவம் வழியாக ஓதத்தை உள்ளே இழுத்துக் கால்வாய்க்குக் கொடுக்க ஒரு கை மண் வெட்டிக்கொண்டிருந்த அதே நேரம், அந்த ஓதத்தை நிறுத்தப்போகும் கல்லை இன்னொரு கை கடலில் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கைகள்.

கூவம் நாறுவதற்குக் காரணம் சாக்கடைதான், சந்தேகமில்லை. ஆனால் மெரினாவைக் கொண்டாடிக்கொண்டே கூவத்தைத் திட்டுகிறவர்கள் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியும் கால்வாய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. படகுகள் தட்டையான அடி கொண்டவை. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட மூங்கிலை ஊன்றித் தள்ளுவார்கள். இரண்டும் ஆகாதபோது ஒருவரோ இருவரோ கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து நடப்பார்கள். அதற்காகவே கரையோரம் ஒற்றையடிப் பாதை உண்டு. கால்வாய் ஆற்றைச் சந்திக்கும் இடங்களில் ஆற்று வெள்ளமும் மணலும் உள்ளே வராமலிருக்கவும், ஓதம் இறங்கினாலும் படகு தரை தட்டாமலிருக்கவும் லாக் கட்டியிருந்தார்கள். இரண்டு ஜோடிக் கதவுகளுக்கு நடுவே ஒரு கல்தொட்டி. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். முன்கதவிலுள்ள சின்ன மதகைத் தூக்கிவிட்டால் தொட்டித் தண்ணீர் மெல்ல ஏறும், அல்லது இறங்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் கதவைத் தள்ளித் திறந்து படகை விடுவார்கள். அவசரக்காரனுக்கு இது ஆகாது. வரிசையில் நிற்கும் படகுகளில் உலை கொதிக்கும், ஊர்வம்பு நடக்கும். சேப்பாக்கம் பக்கத்தில் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு இன்றும் இருக்கிறது. லாக்கைத்தான் காணோம்.

ஆட்களும் போனார்கள். சாலை சரியில்லாத காலத்தில் மாமல்லபுரத்துக்குப் போக இதுதான் சௌகரியம். மாலையில் அடையாறு பக்கம் படகில் ஏறிப் படுத்தால் விடியும்போது கடற்கோயில் பக்கம் இறங்கலாம். 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு இப்படிப் போன பயணத்தை வைத்துத்தான் ‘மாவலிபுரச் செலவு’ எழுதினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் போய் மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஓர் இரவு முழுக்கப் படகில் போவது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். பாரதிதாசனுக்கும் நண்பர்களுக்கும் அது நிலா வெளிச்சத்தில் பேசிக் களிக்கக் கிடைத்த இரவு.

ரயில் வந்ததால் கால்வாய் செத்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். 1899-ல் விஜயவாடா வரை ரயில் இணைப்பு வந்த பிறகு தூரத்துச் சரக்கு குறைந்தது உண்மைதான். ஆனால் 1960–61-லேயே கால்வாயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் ஓடி, 2 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றியிருக்கின்றன. ரயில் ஓடத் தொடங்கி 60 வருஷம் கழித்து! விறகு, சிப்பி, உப்பு போன்ற மலிவான, கனமான, அவசரமில்லாத சரக்குக்குப் படகைவிட மலிவு வேறு இல்லை. கால்வாயை முடித்துவைத்தவை 1960களிலும் 70களிலும் அடித்த புயல்களும், அவற்றுக்குப் பிறகு யாரும் தூர்வாராததும், லாரியும்தான். வீட்டு அடுப்பில் மண்ணெண்ணெயும் கேஸும் வந்ததை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. விறகு போனது, விறகுப் படகும் போனது.

இதற்கிடையே கூவத்தில் இன்னொரு மாற்றம் மேல்பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. நகரத்துக்குக் குடிதண்ணீர் பற்றாக்குறை. திருமழிசைப் பக்கத்து ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்துத் தண்ணீரைத் திருப்பிச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு விட்டார்கள். ஏரித் தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்கு வந்தது. நாம் குடித்தோம், குளித்தோம், துவைத்தோம், கழிவாக்கிக் கூவத்திலேயே விட்டோம். ஆக ஆறு நகரத்துக்கு வந்து சேர்வது இன்றும் நிற்கவில்லை, வரும் வழிதான் வேறு. நல்ல தண்ணீர் குழாயில் வருகிறது. பழைய தண்ணீர் ஆற்றில் போகிறது. வெயில் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டையில் பார்க்கும் கூவம் பெரும்பாலும் நம் வீட்டுத் தண்ணீர்தான்.

சீர்திருத்தம் செய்யாத அரசு இல்லை. 1967-க்குப் பிறகு தி.மு.க. ஆட்சியில் கூவத்தைத் தூர்வாரிக் கரைகட்டி, 1970களின் தொடக்கத்தில் படகுத்துறைகளோடு உல்லாசப் படகும் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. துறைகளின் மிச்சம் பாலங்களுக்குப் பக்கத்தில் செடி முளைத்து நெடுநாள் நின்றது. திட்டத்தில் குறை இல்லை. கரையை அழகுபடுத்தப் பணம் இருந்தது, வீட்டுக் கழிவுநீரைக் குழாயில் பிடித்துச் சுத்திகரிக்கும் வேலை முடியவில்லை. 2015 முதல் சுமார் 600 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று நடந்தது. அதில் முதலில் நடந்ததும் வேகமாக நடந்ததும் ஒன்றுதான்: கரையோரம் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை எடுத்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது. பலர் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். அதற்கு முன்பே இப்படி எடுக்கப்பட்டவர்கள் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குப் போயிருந்தார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கண்ணகி நகர் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவுப் பக்கம், தெற்கு பக்கிங்காம் கால்வாயின் அருகே. வெள்ள அபாயம் என்று சொல்லிக் கூவக் கரையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் அதே நீர்வழியின் மறுமுனையில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

பறக்கும் ரயிலுக்கு வருகிறேன். நகரத்துக்குள் ரயில் பாதை போட நிலம் வாங்குவது பெரும்பாடு. கால்வாய் அரசு நிலம், வீடு இடிக்க வேண்டாம், வழக்கு குறைவு. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை வரை, 2007-ல் வேளச்சேரி வரை ரயில் வந்தது. தூண்களைக் கால்வாய்க்கு உள்ளேயே இறக்கினார்கள். நிலையங்களையும் அதன் மேலேயே கட்டினார்கள். படகுகள் எதிரும் புதிருமாகப் போன அகலம் பல இடங்களில் 10 மீட்டருக்கும் கீழே சுருங்கிவிட்டது.

திருவல்லிக்கேணி நிலையத்து நடைமேடையின் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். சுவரில் யாரோ பான் துப்பியிருப்பார்கள், அதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். தார் நிறத்தில் தண்ணீர், ஓட்டமே தெரியாது. அடியிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்றிரண்டாகக் குமிழிகள் வந்து மேலே உடையும். அடியிலுள்ள சேறு விடும் வாயு அது. தூணைச் சுற்றித் தெர்மாகோல் துண்டும் பால் பாக்கெட்டும் ஒதுங்கி ஒரு வளையமாக நிற்கும். தூணில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, போன மழையில் தண்ணீர் ஏறிய அளவு. ஒரு பக்கம் பழைய கல் சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறுபக்கம் புது கான்கிரீட். இரண்டு பக்கமும் வீடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சரக்கு இறங்கிய காலத்தில் தொழில் நடந்த முன்பக்கம் இது. இன்று கழிவறைக் குழாய் நீட்டும் பின்கட்டு. குழாய் முனையில் ஒரு வெள்ளைக் கொக்கு கண் கொட்டாமல் நிற்கும். அதற்கு ஏதோ கிடைக்கிறது.

செத்துப்போன நீர்வழி என்று இதைச் சொல்வதும் சரியல்ல. தண்ணீர் தன் உறவுகளை விட்டுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வரை பல இடங்களில் அலையின் வேகத்தை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏறிவந்து கால்வாயில் நிறைந்து, அது வழியாகவே திரும்பிப் போனது. கால்வாய்க்கு மேற்கே இருந்தவர்கள் பலர் தப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது நடந்தது இதற்கு நேர் எதிர். மணலித் தொழிற்பேட்டைப் பக்கம் வழிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன, அலையாத்திச் செடிகளில் எண்ணெய் அப்பியது. காக்ரேன் வெட்டிய அதே பகுதி. படகு போய்ப் பல வருஷம் ஆனாலும் சரக்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கூவத்துக்கும் தன் பங்குத் தூண்கள் வந்தன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பகலில் நகரத்துக்குள் நுழைய முடியாமல் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றன. மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை உயர்மட்டச் சாலை போடலாம் என்று முடிவாகி, 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். எங்கே போடுவது? கூவத்தின் மேலே. 2012-ல் ஆற்றோட்டத்தை மறிக்கிறது என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. தலையில் பாலம் இல்லாத தூண்கள் பத்து வருஷத்துக்கு ஆற்றுக்குள் நின்றன. 2022-ல் அதே வழியில் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல்.

சரக்கை நகரத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பது 1801-ல் காக்ரேன் கேட்ட கேள்வி. இன்றும் கேள்வி அதேதான், பதிலாகக் கிடைத்ததும் இன்னொரு நீர்வழியின் பாதைதான். அன்று அந்தப் பாதைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் லாக் கட்டினார்கள், தூர்வாரினார்கள், மணல்திட்டை உடைத்தார்கள். தண்ணீரைக் கவனிக்காவிட்டால் சுங்கம் வராது. இன்று சாலைக்குத் தண்ணீர் தேவையில்லை, ரயிலுக்கும் தேவையில்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறும்போது பொக்லைன் இறக்கி அள்ளுகிறார்கள், அதுவும் வெள்ளம் வந்தால் நகரம் மூழ்கும் என்ற பயத்தில். அந்தப் பயமாவது இருக்கட்டும்.

படகில் ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முட்டுக்காடு போகலாம். கால்வாய் கழிமுகத்தைத் தொடும் அந்த இடத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கவுன்டரில் கூட்டம் தாங்காது. அங்கே தண்ணீர் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது, ஏனென்றால் கடல் வந்துபோகிறது. அங்கிருந்து வடக்கே படகிலேயே கூவம் வரை வர முடியுமா என்று அரசாங்கத்தைக் கேட்டால் சட்டப்படி பதில் தயாராக இருக்கிறது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களைச் சேர்த்து 2008-ல் அறிவித்த தேசிய நீர்வழி எண் 4-ல் பக்கிங்காம் கால்வாயும் உண்டு. 2016-ன் தேசிய நீர்வழிச் சட்டத்திலும் அது இருக்கிறது. தூண்களுக்கு நடுவே படகு எப்படிப் போகும் என்பதை மட்டும் யாராவது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.